உள்ளே ஆள் இல்லாதவர்

அவருக்கு உள்ளே ஆள் இல்லை என்பதை முதலில் கண்டுபிடித்தது நான்தான். கண்டுபிடித்த அன்றே அவரில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

மன்னார்ப் பட்டினத்து ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கிற பகுதிக்கு வெளியே தகரம் போட்ட விறாந்தை ஒன்று இருந்தது. அதில் ஆக்கள் இருக்க நாலு மர வாங்குகள். என்ர மனுசனுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதான பிறகு, கிழமைக்கு இரண்டு நாள் தலைமன்னாரில் இருந்து முதல் பஸ்ஸில் அவரைக் கூட்டிக்கொண்டு போவேன். மிசினில் போட்டால் நாலு மணித்தியாலம். அவ்வளவு நேரமும் நாங்கள் வெளியே இருக்கவேண்டும். மனைவிமார், சகோதரங்கள், ஒன்றிரண்டு தாய்மார். எல்லாருக்கும் உள்ளே ஒரு ஆள் இருந்தது. கதவு திறபடும்போது எல்லாத் தலையும் நிமிரும். அந்த மனிதரின் தலை மட்டும் நிமிராது. அவர் கதவைப் பார்க்கமாட்டார். கதவைப் பார்க்கிற எங்களைப் பார்ப்பார்.

அறுபத்தைந்து வயது இருக்கும். வெளுத்த சாரம், கைமடித்த சேட், நெற்றியில் திருநீறு. கைபிடி உடைந்து துணி சுற்றிய குடை ஒன்று எப்போதும் மடியில் கிடக்கும். முதுகைச் சாய்க்காமல், ஆரோ எழும்பச் சொல்லப்போகிறார்கள் என்பது போல வாங்கின் ஓரத்தில்தான் இருப்பார். எல்லாரும் அவரை ஐயா என்றார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொண்டேன். பேரைக் கேட்கவில்லை.

ஒரு நாள் நேரடியாகவே கேட்டேன், உங்கட ஆள் ஆர் ஐயா என்று.

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப ஏன் இதில இருக்கிறீங்கள்?"

"சும்மாதான். நீங்கள் எல்லாரும் இருக்கிறியள்தானே."

இது ஒரு மறுமொழியா? எங்கள் பக்கத்தில் சும்மா ஒரு இடத்தில் இருக்கிற ஆம்பிளையைச் சும்மா இருக்கிறார் என்று நினைக்கிற பழக்கம் இல்லை. சண்டைக் காலத்தில் சந்தியில் சும்மா நின்றவர்கள் எதற்கு நின்றார்கள் என்று பிறகுதான் தெரியவந்தது. ஊரும் பேரும் கேட்டுக்கொண்டு வந்தவர்களால் எங்களுக்கு ஒரு நன்மையும் வந்ததில்லை. சண்டை முடிந்துவிட்டது. அந்தப் பயம் என்னுடைய உடம்பிலேயே தங்கிவிட்டது.

ஐயாவோ கேள்வி கேட்கிற மனிதர். புதிதாக ஒரு குடும்பம் வந்து வாங்கில் இருந்தால், அடுத்த முறை அவர்களுக்குப் பக்கத்தில் போய் இருப்பார். எல்லாம் சுகமாகும், கவலைப்படாதையுங்கோ என்று ஒரு நாளும் சொல்லமாட்டார். எந்த ஊர், பஸ் எத்தனை மணிக்கு, வீட்டில் இன்னும் ஆர் இருக்கினம், வீட்டு வாசல்வரைக்கும் வாகனம் போகுமோ என்று கேட்பார். கடைசியில் போன் நம்பர் கேட்பார். சேட் பையில் ஒரு சின்னக் கலண்டர் வைத்திருந்தார். அதன் பின்பக்கத்தில் எழுதிக்கொள்வார்.

அந்த விறாந்தையின் நேரம் முழுக்க அவருக்குப் பாடம். தாதிமார் எப்போது மாறுவார்கள், பரிசோதனை முடிவு தருகிற யன்னல் எப்போது திறபடும், பெரிய டொக்டர் எந்தப் படியால் இறங்குவார், எல்லாம் தெரியும். இப்ப போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ தங்கச்சி, இன்னும் அரை மணித்தியாலத்துக்கு ஒருத்தரையும் கூப்பிடமாட்டினம் என்பார். போய்வந்து பார்த்தால் அவர் சொன்னபடியேதான் இருக்கும். நோயாளியும் இல்லாமல், வேலையும் இல்லாமல், ஒரு மனிதர் இவ்வளவையும் ஏன் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று எனக்கு யோசனை ஓடும்.

ஒரு நாள் மழை. சாரல் அடிக்க எல்லாரும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றோம். ஐயா குடையை விரித்து, வாங்கை விட்டு எழும்ப ஏலாமல் இருந்த ஒரு வயதுபோன மனுசிக்குப் பிடித்துக்கொண்டு, தான் முழுக்க நனைந்தபடி நின்றார். தாயைப் பார்க்கிற மகனைப் போலத்தான் நின்றார். அதைப் பார்த்து எனக்கு மனம் இளகியது உண்மை. ஆனால் இளகிய கையோடே, இப்படித்தான் ஆக்களை வளைத்துப்போடுவார்கள் என்றும் நினைத்தேன்.

அன்றைக்கு என் பக்கத்தில் வந்து ஈரத்தோடு இருந்தவர், நான் கேளாமலே சொன்னார்: "தனிய இருந்தால் நேரம் அசையாது தங்கச்சி. பக்கத்தில ஒராள் இருந்தால் கொஞ்சம் அசையும்."

பிறகு என் நம்பரைக் கேட்டார்.

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. கடைசி இரண்டு இலக்கத்தையும் இடம் மாற்றிச் சொன்னேன். எழுதிவிட்டு எனக்குத் திருப்பி வாசித்துக் காட்டினார். சரியோ என்றார். ஓம் என்றேன்.

அவர் ஆர் என்ற கேள்விக்கு மறுமொழி கண்டுபிடித்தவ முசலி ராத்தா. முசலியில் இருந்து தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு வருகிற முஸ்லிம் மனுசி. என்னைவிட ஒரு வருசம் கூடுதலாக அந்த வாங்கில் இருந்தவ. சவப்பெட்டிக் கடைக்காரருக்கு ஆஸ்பத்திரியில் ஒரு ஆள் இருக்குதாம், ஆர் கடுமையாக இருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லுகிற ஆளாம், அது இவராகத்தான் இருக்கவேண்டும் என்றா. எங்கட ஆக்களுக்குப் பெட்டி தேவையில்லை, அதுதான் என்னோடு அவ்வளவு கதைக்கிறார் இல்லை என்று சொல்லிச் சிரித்தா. நான் சிரிக்கவில்லை. வீட்டு வாசல்வரைக்கும் வாகனம் போகுமோ என்று அவர் கேட்டது எனக்கு நினைவில் வந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் பொருந்திவந்தது. முருங்கன் பக்கத்து வயோதிபர் ஒருவர் மிசினில் இருக்கும்போதே போய்விட்டார். அவரின் மனுசிக்குப் பக்கத்தில் அதற்கு முந்தின நாள் முழுக்க இருந்தவர் ஐயாதான். செத்த வீட்டுக்காரர் ஒப்பாரி வைத்து முடிக்க முதலே, ஐயா கடுதாசிகளைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கந்தோருக்கும் அந்தக் கந்தோருக்கும் நடந்தார். ஒன்றரை மணித்தியாலத்தில் பெட்டியும் வாகனமும் கேற்றடிக்கு வந்துவிட்டன. ராத்தா என்னைப் பார்த்தா. நான் ராத்தாவைப் பார்த்தேன்.

அதன் பிறகு அவர் என் வாங்கில் வந்து இருந்தால் நான் எழும்பி மற்ற வாங்குக்குப் போனேன். என்ர மனுசனிடமும் சொன்னேன். உன்னுடைய கண்ணுக்கு ஆர்தான் நல்லவன் என்று அவர் கேட்டார். கடலில் முப்பது வருசம் கிடந்த மனிதர். எவனோடும் ஒரே வள்ளத்தில் போகக்கூடியவர்.

ஆனால் எனக்கும் நம்பிக்கையான ஆள் ஒருவர் இருந்தார். ஓட்டோக்காரர். பஸ் நிலையத்தில் இருந்து ஆஸ்பத்திரிக்கு என்ர மனுசனால் நடக்க ஏலாமல் போனபோது பிடித்த ஓட்டோ. நாற்பது வயது மனிதர், மூன்று பிள்ளைகளின் தகப்பன். இறங்கும்போது என்ர மனுசனைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்து உள்ளே விட்டுவிட்டுத்தான் போவார். அக்கா, அலுவல் முடிய ஒரு கோல் எடுங்கோ, எங்க நிண்டாலும் வருவன் என்பார். முன்கண்ணாடியில் செபமாலை தொங்கியது. அது எனக்குப் போதுமாக இருந்தது. என் நம்பரை அவருக்குச் சரியாகக் கொடுத்திருந்தேன். இன்றைக்கு டொக்டர் என்ன சொன்னார் என்று அவர் ஒவ்வொரு நாளும் கேட்பார். நான் ஒவ்வொரு நாளும் சொல்வேன்.

மழைக்காலம் முடிய என்ர மனுசனின் நெஞ்சில் தண்ணி கோத்துக்கொண்டது. வார்ட்டில் தங்கச்சொல்லி மறித்தார்கள். நானும் கூடவே நின்றேன். மூன்றாம் நாள் மத்தியானம், அவருக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருக்கும்போது என் போன் அடித்தது. தெரியாத நம்பர். ஒரு ஆம்பிளைக் குரல், மிகவும் மரியாதையாக. உங்கட மனுசனுக்குக் கடுமையாம் என்று கேள்விப்பட்டோம், எங்களிடம் நல்ல மரத்தில் பெட்டி இருக்கு, தலைமன்னாருக்கு வாகனமும் நாங்களே ஒழுங்குசெய்வோம், பிறகு அந்தரப்படத் தேவையில்லை என்றது.

என்ர மனுசன் கஞ்சிக்கு வாயைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தபடி இருந்தார். ஆர் என்று கேட்டார். பிழையான நம்பர் என்றேன்.

கஞ்சியைப் பருக்கி முடித்து, வாய் துடைத்துவிட்டு, இறங்கி விறாந்தைக்குப் போனேன். ஐயா தன் வழக்கமான ஓரத்தில் இருந்தார். அத்தனை பேருக்கும் முன்னால் கேட்டேன்.

"என்ர மனுசன் இன்னும் மூச்சு விடுறார். அதுக்குள்ள பெட்டிக்கு ஆள் சொல்லிப்போட்டியளோ?"

அவருக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. விளங்கியபோது முகம் செத்துப்போனது. "தங்கச்சி, நான் அப்பிடியான ஆள் இல்லை" என்றார். அவ்வளவுதான். நான் இன்னும் சொன்னேன். இங்கே எழுதக் கூசுகிற சொற்களும் சொன்னேன். அவருக்கு நான் கொடுத்தது இடம் மாற்றிய நம்பர் என்பது அந்த ஆத்திரத்தில் எனக்கு நினைவே வரவில்லை. ஒருவரும் அவருக்காக வாய் திறக்கவில்லை. ராத்தாவும்தான். அவர் குடையை எடுத்துக்கொண்டு எழும்பினார். நான் இதில இருக்கிறது உங்களுக்குக் கரைச்சல் எண்டால் அங்கால போறன் என்று சொல்லி, கேற்றடி வேம்புக்குக் கீழே போய் இருந்தார். அதற்குப் பிறகு விறாந்தைப் பக்கம் வரவில்லை.

ஒன்பதாம் நாள் என்ர மனுசனுக்கு நல்ல சுகம். எழும்பி இருந்து கதைத்தார். நெஞ்சுத் தண்ணி வற்றிவிட்டது என்று டொக்டரும் சொன்னார். உன்னில வேர்வை மணக்குது, வீட்ட போய்த் தலை தோய்ஞ்சு, எனக்கும் ரெண்டு சாரம் எடுத்துக்கொண்டு காலமை வா என்று அவர்தான் என்னைக் கலைத்தார். பன்னிரண்டு மணி பஸ்ஸில் போனேன். தோய்ந்தேன், உடுப்பு அலம்பினேன், கோயிலுக்குப் போய் ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். போன் பக்கத்திலேயே கிடந்தது. ஒரு தரமும் அடிக்கவில்லை. நல்ல சேதிதான் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

காலையில் போனபோது கட்டில் வெறுமையாகக் கிடந்தது.

முந்தின நாள் பின்னேரம் ஐந்து மணிக்குச் சற்று முன் போய்விட்டார். அறிவிக்கிறதற்கு வார்ட்டில் எழுதியிருந்தது அவருடைய சொந்த நம்பர். அந்தப் போன் அவரின் தலையணைக்குக் கீழேயே கிடந்து அடித்திருக்கிறது. பூட்டிக் கிடந்ததால் அதில் என் நம்பரைத் தேட ஏலவில்லையாம். என்னைக் கதிரையில் இருத்தி இதையெல்லாம் சொன்னவள் வார்ட்டுத் தாதி. தலைமன்னார்ப் பொலிசுக்கு அறிவித்திருந்தார்களாம். அவர்கள் வீட்டுக்கு வர முதலே நான் பஸ் ஏறிவிட்டேன்.

பிறகு அவள் சொன்னாள்: "அந்தக் குடை ஐயாதான், அக்கா, அவருக்குப் பக்கத்தில இருந்தவர். உங்களுக்கு அஞ்சாறு தரம் எடுத்தவர். ஆரோ ஒரு சிங்களப் பொம்பிளை எடுத்து, பிழையான நம்பர் எண்டு சொன்னவவாம்."

நான் வீட்டுக்குப் போய்விட்டதை அவருக்குச் சொன்னவ ராத்தாவாம். அதைக் கேட்டுத்தான் கேற்றடியை விட்டு மேலே வந்திருக்கிறார்.

கதிரையில் இருந்தபடியே எனக்கு இரண்டும் ஒரேயடியாக விளங்கியது. என்னிடம் நம்பர் கேட்டவரிடம் என் நம்பர் இருக்கவில்லை. சவப்பெட்டிக் கடைக்குக் கொடுத்தவர் வேறு ஆள். கொஞ்ச நேரத்தில் அந்த ஆளே வந்தார். ஓட்டோக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, கவலைப்படாதையுங்கோ அக்கா, நல்ல கடை ஒண்டில முந்தியே கதைச்சு வைச்சிருக்கிறன் என்றார். அவரோடு சண்டைபிடிக்க என்னிடம் அப்போது ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். கடுதாசிகளோடு எந்தக் கந்தோருக்குப் போகவேண்டும் என்று தெரியாமல் அன்றைக்கு மத்தியானம் வரைக்கும் அலைந்தேன். கேற்றடி வேம்புக்குக் கீழே ஒருவரும் இல்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கிழமை, இலுப்பைக்கடவைப் பக்கம் போனேன். ஐயாவின் வாயால் முன்பு கேட்ட ஊர் அதுதான். குடையைச் சொல்லிக் கேட்டவுடனேயே வீட்டைக் காட்டினார்கள். வயல் கரையில் கூரைக்குச் சீற் போட்ட வீடு. வாசலில் ஒரு மனுசி நெல்லுக் காயப்போட்டுக்கொண்டு நின்றா.

அவர் வயலுக்குப் போயிட்டார், நீங்கள் எங்கயிருந்து என்று கேட்டா. தலைமன்னார் என்றேன். என்னைக் காலில் இருந்து தலைவரைக்கும் பார்த்தா. கையில் இருந்த பிஸ்கட் பெட்டியையும் பார்த்தா.

"ரெண்டு வருசமா கிழமைக்கு ரெண்டு நாள் மன்னார் பஸ் ஏறுறார். கேட்டால் ஒரு அலுவல் எண்டுவார். அந்த அலுவல் நீங்கள்தானோ?"

வாழ்க்கை முழுக்க நான் மற்றவர்களைப் பார்த்த பார்வை என்மேல் விழுந்தபோது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. என் மனுசன் செத்ததையும், அப்போது பக்கத்தில் இருந்தவர் உங்கள் மனுசன்தான் என்பதையும் சொன்னேன். ஆஸ்பத்திரி என்ற சொல் வந்ததும் அவ நெல்லுக் கிளறுகிறதை விட்டுவிட்டா.

அந்தச் சொல்லை இந்த வீட்டில் ஒருவரும் எடுக்கக்கூடாது என்று தான்தான் சொல்லிவைத்திருப்பதாகச் சொன்னா. கடைசிச் சண்டையில் மகளுக்குக் காலில் காயம். பத்தொன்பது வயது. காயக்காரரை ஏற்றிய வாகனத்தில் பிள்ளையை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார்கள். வவுனியா என்று ஆரோ சொல்ல, இரண்டு பேரும் வவுனியா ஆஸ்பத்திரி வாசலில் மூன்று நாள் காத்துக்கொண்டு இருந்தார்கள். இன்றைக்கு விடுவார்கள், நாளைக்கு விடுவார்கள் என்று. பிள்ளை மன்னார் ஆஸ்பத்திரியில் கிடந்தது. இரண்டாம் நாளே முடிந்துவிட்டது. இவர்களுக்குத் தெரியவந்தபோது மண்ணில் தாட்டும் விட்டார்கள்.

சொல்லி முடித்துவிட்டு என்னிடம் கேட்டா, உங்கட மனுசன் போகேக்க இவர் பக்கத்தில இருந்தது மெய்தானோ என்று. தாதி சொன்னவள் என்றேன்.

"எங்கட பிள்ளைக்குப் பக்கத்தில ஆரும் இருந்ததோ தெரியாது" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி வைக்க உள்ளே போனா.

அவர் மண்வெட்டியோடு வந்தார். என்னைக் கண்டு வேலியோடு நின்றுவிட்டார். கண் முதலில் குசினிப் பக்கம் போனது, பிறகுதான் என்னிடம் வந்தது. மனுசி தேத்தண்ணியைக் கொண்டுவந்து இருவருக்கும் தந்தா. இனி அந்த அலுவலுக்குப் போகேக்க சொல்லிப்போட்டுப் போங்கோ என்றா, அவரைப் பாராமல். அவர் தலையாட்டினார்.

என்னை றோட்டுவரைக்கும் கூட்டிக்கொண்டு வந்தார். பஸ் வரும்வரைக்கும் ஒரு மதகில் இருந்தோம். நம்பரில் ஒன்று மாறிப்போனதாம், தான் பிழையாக எழுதிவிட்டாராம், அதற்கு மன்னிக்கவேண்டுமாம். அவர் முந்திக்கொண்டு சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை.

"நீங்கள் பிழையா எழுதேல்லை. நான்தான் பிழையாச் சொன்னனான்."

"தெரியும்" என்றார். கன பேர் அப்பிடித்தான் தாறவை, அதில கோவிக்க ஒண்டுமில்லை என்றார்.

விறாந்தையில் கேட்டதற்கும் மன்னிப்புக் கேட்டேன். கையை மட்டும் அசைத்தார். அதற்குப் பிறகுதான், நான் எதற்கு வந்தேனோ அதைக் கேட்டேன். என்ர மனுசன் என்ன சொன்னவர் என்று.

"உங்களைத்தான் கேட்டுக்கொண்டிருந்தவர். போன் கிடைக்கேல்லை எண்டு அந்த நேரத்தில சொல்ல ஏலுமோ? மூண்டரை பஸ்ஸில ஏறிட்டா எண்டு சொன்னன். கொஞ்சத்தால கேட்டார், பேசாலை தாண்டிட்டுது எண்டன். பிறகும் கேட்டார், தோட்டவெளி எண்டன். கடைசியா வாசலுக்கு வந்திட்டா, படி ஏறுறா எண்டன். தலையைத் திருப்பி வாசலைப் பாத்தவர். அவ்வளவுதான்."

பஸ் வந்தது. ஏறினேன். அவர் மதகடியில் நின்றார். அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை.

மன்னார் வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். பட்டினத்தில் தலைமன்னார் பஸ்ஸுக்கு மாறி இருந்தபோதுதான் யோசனை வந்தது. தலைமன்னாரில் இருந்து மூன்றரைக்குப் பஸ் இல்லை. பன்னிரண்டை விட்டால் நாலுதான். அந்த றோட்டில் பிறந்து வளர்ந்த என்ர மனுசனுக்கு அது தெரியாமல் இருக்காது. பொய் என்று தெரிந்துகொண்டுதான் பேசாலை வந்திட்டுதோ, தோட்டவெளி வந்திட்டுதோ என்று கேட்டுக்கொண்டு கிடந்தாரோ? இல்லாவிட்டால், அங்கே அப்படி ஒரு கதையே நடக்காமல், மதகில் வைத்து எனக்காக இவர் கட்டினதோ?

அந்தத் தாதி இன்னும் அதே வார்ட்டில்தான் இருக்கிறாள். மாதம் ஒரு தரம் பிரசர் மருந்துக்குப் போகும்போது காண்கிறேன். சுகமோ அக்கா என்று நின்று கேட்பாள். அன்றைக்கு அவளும் அந்தக் கட்டிலடியில்தான் நின்றவள்.

சுகம் என்று சொல்லிவிட்டு, வேறொன்றும் கேளாமல் வந்துவிடுவேன்.